சிங்கப்பூரில் வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீடு கோரும் வழி

சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ காயமடைந்த ஊழியர், விபத்து யாருடைய தவறால் நேர்ந்தது என்பதை நிரூபிக்க வேண்டியதில்லை. 2019-இல் புதிதாக இயற்றப்பட்டு 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: காயம் வேலையின் காரணமாக, வேலையில் இருந்தபோது ஏற்பட்டதா? ஊழியர் சற்றுக் கவனக்குறைவாக இருந்திருந்தாலும் அவருடைய உரிமை போய்விடாது. மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் இருந்தபோது பட்ட காயம், வேண்டுமென்றே தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்ட காயம், அடிதடியில் பட்ட காயம் போன்றவற்றுக்குத்தான் பொதுவாக இழப்பீடு மறுக்கப்படும்.

கேள்வி ஒன்றே என்பதால், இழப்பீட்டைத் தவிர்க்க நினைக்கும் நிறுவனமும் அந்த ஓரிடத்தில்தான் கைவைக்கும். “இது வேலையில் பட்ட அடி இல்லை, விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், வழக்கு மாதக்கணக்கில் இழுபடும். எனவே விபத்து நடந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் எந்தத் தாளில் என்ன எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான கேஸ்களின் முடிவைத் தீர்மானிக்கிறது என்பேன். பின்னால் செய்யப்படும் எந்த முயற்சியும் அந்த முதல் பதிவுகளுக்கு ஈடாவதில்லை.

யாருக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தும்

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், வேலை அனுமதியின் வேறு வகைகள், நிரந்தரவாசி, குடிமகன் என்ற வேறுபாடு இதில் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் எவரும் இதற்குள் வருவார். வீட்டுப் பணிப்பெண்கள், சுயதொழில் செய்பவர்கள், ராணுவம், காவல்துறை போன்ற சீருடைப் படையினர் ஆகியோர் இதற்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறார்கள். உடலுழைப்பு வேலை செய்யும் ஒவ்வோர் ஊழியருக்கும், அவருடைய சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி இதற்கான காப்புறுதி (இன்சூரன்ஸ்) எடுத்திருக்க வேண்டும். எடுக்காத முதலாளிக்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தக் காப்புறுதிக் கட்டணத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

ஒரு நிறுவனத்தின் பெர்மிட்டில் வந்து இன்னொரு நிறுவனத்தின் தளத்தில் வேலை செய்யும்போது அடிபடுவது சாதாரணமாக நடக்கிறது. அப்போதும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு உங்களை வேலைக்கு எடுத்த முதலாளியுடையது. தளத்தை நடத்தும் பெரிய நிறுவனத்தின் பெயரையும் தளத்தின் முகவரியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அவை சான்றுக்குத் தேவைப்படும். விடுதியிலிருந்து தளத்துக்கு நிறுவனம் ஏற்பாடு செய்த லாரியிலோ வேனிலோ போகும்போது நேர்ந்த விபத்தும் வேலையிட விபத்தாகவே கொள்ளப்படும். பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ தானாக வேலைக்குப் போகும் வழியில் பட்ட அடிக்குப் பொதுவாக அந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதல் நாள்

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 995 எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சூப்பர்வைசர் வரட்டும், சேஃப்டி ஆபிசர் வரட்டும் என்று காத்திருந்து, பிறகு நிறுவனத்தின் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது, காயத்துக்கும் கெடுதல், கேஸுக்கும் கெடுதல். ஆம்புலன்ஸ் எந்த இடத்திலிருந்து யாரை ஏற்றிச் சென்றது என்ற பதிவே வலுவான ஆதாரமாகிவிடுகிறது.

சிறிய காயம் என்று தோன்றினாலும் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் தெரிவித்துவிடுங்கள். வாயால் சொன்னது போதாது, வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்புங்கள். அதில் இலக்கணமோ ஆங்கிலமோ முக்கியமில்லை. நேரம், இடம், நடந்தது, பட்ட உறுப்பு, உடனிருந்தவர் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். உதாரணமாக இப்படி அனுப்பலாம்: “அண்ணே, இன்னிக்கு காலைல பத்து இருபதுக்கு பி பிளாக் மூணாவது மாடில ஃபார்ம்வொர்க் பலகை கழட்டும்போது என் இடது கை மேல விழுந்துருச்சு. மணிக்கட்டு வீங்கியிருக்கு, விரல் மடக்க முடியல. பக்கத்துல முருகனும் அந்த பங்களாதேஷ் தம்பியும் இருந்தாங்க. டாக்டர்கிட்ட போகணும்.” இத்துடன் கையின் படமும், விழுந்த பலகையின் படமும் போனால் இன்னும் நல்லது. தளத்தில் கைப்பேசிக்குத் தடை இருந்தால், வெளியே வந்த உடனே அனுப்புங்கள். அனுப்பிய செய்தியை ஒருபோதும் அழிக்காதீர்கள். கைப்பேசி உடைந்தால் எல்லாம் போய்விடும் என்பதால், திரையைப் படமெடுத்து ஊரிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பிவைப்பது நல்ல பழக்கம்.

உடனிருந்தவர்களின் முழுப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் ஊருக்குப் போயிருப்பார், இன்னொருவர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருப்பார். அதே நிறுவனத்தில் தொடர்ந்து வேலை செய்பவர் சாட்சி சொல்லத் தயங்குவார் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அவருடைய பெர்மிட்டும் அதே முதலாளியின் கையில்தான் இருக்கிறது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்கட்டும். மருத்துவர் முதல் சந்திப்பில் எழுதும் குறிப்பில் “வேலையிடத்தில் நடந்த விபத்து” என்ற செய்தி இடம்பெற வேண்டும். நிறுவனத்தின் ஆள் உடன் வந்து மொழிபெயர்க்கும்போது, நீங்கள் பலகை விழுந்தது என்பீர்கள், அவர் படிக்கட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடக்கூடும். மருத்துவர் அதை எழுதிவிட்டால் பின்னால் மாற்றுவது மிகவும் கடினம். “வொர்க் ஆக்சிடென்ட்” என்ற இரண்டு சொற்களை நீங்களே மருத்துவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதி யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். சிங்கப்பூர் மருத்துவமனைகளில் தமிழ் பேசும் ஊழியர்கள் உண்டு. வலிக்கும் எல்லா இடங்களையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கையைக் காட்டிவிட்டு முதுகுவலியைச் சொல்லாமல் விட்டால், மூன்று வாரம் கழித்து முதுகைப் பற்றிச் சொல்லும்போது அது இந்த விபத்தில் வந்ததா என்ற சந்தேகம் எழும்.

எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 செப்டம்பருக்கு முன்பு, மூன்று நாளுக்கு மேல் எம்.சி. கிடைத்தாலோ 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலோதான் முதலாளி அந்த விபத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதனால் எலும்பு முறிந்தவருக்குக்கூட இரண்டு நாள் எம்.சி. கொடுத்து, அதற்குப் பிறகு “லைட் டியூட்டி”, அதாவது இலகுவான வேலை செய்யலாம், என்று எழுதிவிடும் வழக்கம் சில இடங்களில் ஊறிப்போயிருந்தது. கை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு கட்டுமான ஊழியருக்கு இரண்டே நாள் விடுப்பு எழுதிய மருத்துவரின் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2016-இல் அவர் ஆறு மாதம் தொழில் செய்யக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. இப்போதைய சட்டப்படி ஒரு நாள் எம்.சி. ஆனாலும், வெறும் லைட் டியூட்டி ஆனாலும், முதலாளி விபத்தைப் பற்றி அறிந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அமைச்சுக்கு அறிவித்தாக வேண்டும். எனவே பழைய தந்திரத்துக்கு இப்போது சட்டப்படி பயனில்லை, ஆனாலும் பழக்கம் உடனே மறைந்துவிடுவதில்லை.

கொடுக்கப்பட்ட விடுப்பு போதாது என்று தோன்றினால் அதை மருத்துவரிடமே, நிறுவனத்தின் ஆள் அருகில் இல்லாதபோது சொல்லுங்கள். நிறுவனம் அழைத்துச் சென்ற தனியார் மருத்துவரிடம் நம்பிக்கை இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்குச் சென்று இரண்டாவது கருத்துக் கேட்கலாம். ஸ்கேன், அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய செலவுகளுக்கு மருத்துவமனை, நிறுவனத்திடமிருந்து பணம் செலுத்துவதாக உறுதிக் கடிதம் கேட்பது வழக்கம். நிறுவனம் அந்தக் கடிதத்தைத் தராமல் இழுத்தடித்தால், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் அமைச்சிடமும் உடனே தெரிவியுங்கள். ஒவ்வொரு எம்.சி.யையும் நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன கிடைக்கும்

மூன்று வகைப் பணம் உண்டு. முதலாவது, விடுப்புக் காலச் சம்பளம். வெளிநோயாளியாக எடுக்கும் விடுப்பில் 14 நாள் வரையும், மருத்துவமனை விடுப்பில் 60 நாள் வரையும் முழுச் சம்பளம் கிடைக்கும். அதைத் தாண்டினால் விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். லைட் டியூட்டியில் இருக்கும் நாட்களுக்கும் இதே சராசரிச் சம்பளத்தை வைத்தே கணக்கிட வேண்டும். இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று, இந்தச் சம்பளம் பேசிக் எனப்படும் அடிப்படைச் சம்பளம் மட்டும் அல்ல. விபத்துக்கு முந்தைய 12 மாதங்களில் வாங்கிய அடிப்படைச் சம்பளம், ஓடி எனப்படும் கூடுதல் நேரச் சம்பளம், போனஸ் எல்லாம் சேர்ந்த சராசரி அது. போக்குவரத்துப் படி சேராது. 12 மாதம் முடிவதற்குள் அடிபட்டால் வேலை செய்த மாதங்களின் சராசரி எடுக்கப்படும். பேசிக் 650 வெள்ளி வாங்கும் ஒருவர் ஓடியோடு சேர்த்து ஓராண்டில் 13,200 வெள்ளி சம்பாதித்திருந்தால், அவருடைய மாதச் சராசரி 1,100 வெள்ளி. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ 733 வெள்ளி. நிறுவனம் பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 433 வெள்ளிதான் வரும். மாதம் 300 வெள்ளி வித்தியாசம், அது ஊரில் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு.

இந்தக் கணக்கை நிரூபிக்கத்தான் பே ஸ்லிப் தேவை. பே ஸ்லிப் தராத நிறுவனங்களும் இருக்கின்றன, அது சட்டப்படி தவறு. சம்பளம் வங்கிக் கணக்கில் போடப்பட்டிருந்தால், வங்கிக் கணக்கு விவரம் ஓரளவு கைகொடுக்கும். வேலைக்கு வரும்முன் அனுப்பப்பட்ட ஐபிஏ எனப்படும் வேலை அனுமதியின் முன் ஒப்புதல் கடிதத்தையும், நேர அட்டையின் படங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அதற்கு முந்தைய விபத்துகளுக்கு இந்த வரம்பு 45,000 வெள்ளி. இந்த வரம்பு தாண்டிவிட்டது என்பதற்காக வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியரை நிறுவனம் கைவிட முடியாது. அவர்களுடைய மருத்துவத்துக்குப் பொறுப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேறு சட்டத்தின்படியும் முதலாளியுடையதே.

மூன்றாவது, நிரந்தரமாகச் செயலிழந்த உறுப்புக்கோ உயிரிழப்புக்கோ மொத்தமாகத் தரப்படும் தொகை. மாதச் சராசரிச் சம்பளம், வயதுக்கேற்ற ஒரு பெருக்கல் எண், மருத்துவர் மதிப்பிடும் செயலிழப்பு விழுக்காடு ஆகிய மூன்றையும் பெருக்கி இது கணக்கிடப்படுகிறது. இதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் இருக்கின்றன. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளில் முழுச் செயலிழப்புக்கு 116,000 முதல் 346,000 வெள்ளி வரை, உயிரிழப்புக்கு 91,000 முதல் 269,000 வெள்ளி வரை. முன்பு இவை முறையே 97,000 முதல் 289,000 வரையும், 76,000 முதல் 225,000 வரையும் இருந்தன. பகுதிச் செயலிழப்புக்கு இந்த வரம்புகளையே விழுக்காட்டால் பெருக்க வேண்டும். மருத்துவர் 10 விழுக்காடு என்று எழுதினால், சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 11,600 வெள்ளிக்குக் குறைந்து வராது. எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 34,600 வெள்ளியைத் தாண்டாது. முழுச் செயலிழப்பு ஏற்பட்டவருக்குப் பராமரிப்புச் செலவுக்காக இன்னும் 25 விழுக்காடு சேர்த்துத் தரப்படும்.

கோரிக்கையைப் பதிவு செய்தல்

முதலாளி விபத்தை அறிவித்துவிட்டார் என்பதாலேயே உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீங்களாகவே மனிதவள அமைச்சில் கோரிக்கை தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பு. நிறுவனம் அறிவிக்கவே இல்லையென்றாலும், உங்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டாலும், பெர்மிட் ரத்தாகிவிட்டாலும், நீங்கள் ஊருக்கே போய்விட்டாலும் அந்த உரிமை உண்டு. இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. “இழப்பீடு கேட்கமாட்டேன்” என்று நிறுவனம் எழுதி வாங்கிய தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனாலும் புரியாத ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படமெடுத்து, படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

படிவம் நிரப்பவும் வழிகாட்டவும் இடங்கள் இருக்கின்றன. தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் கூட்டமைப்பும் சேர்ந்து நடத்தும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. ஹோம், டிடபிள்யூசி2 என்ற இரண்டு தொண்டு அமைப்புகளும் காயமடைந்த ஊழியர்களுக்காகப் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. வேலையில்லாமல் காத்திருப்போருக்கு டிடபிள்யூசி2 தேக்காவில் இலவச உணவுத் திட்டமும் நடத்துகிறது.

முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வலுவான சான்று இருந்தால், இந்தச் சட்டத்தை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்கவும் வழியுண்டு. அதற்கு மூன்றாண்டுக் கெடு. வலி, எதிர்கால வருமான இழப்பு ஆகியவற்றுக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்பதால் தொகை கூடுதலாக வரலாம். ஆனால் வழக்குத் தோற்றால் ஒன்றும் கிடைக்காது, வழக்கறிஞர் கட்டணம் உங்கள் தலையில் விழும், இரண்டு வழியிலும் சேர்த்துப் பணம் வாங்க முடியாது. உடல் முழுதும் முடங்கிப்போன பெரிய விபத்துகளைத் தவிர, பெரும்பாலோருக்கு இழப்பீட்டுச் சட்டமே ஏற்றது என்பது என் கருத்து.

காத்திருக்கும் காலம்

சிகிச்சை முடிந்து காயம் ஒரு நிலைக்கு வந்த பிறகே, பெரும்பாலும் ஆறு மாதம் கடந்த பின், மருத்துவர் செயலிழப்பு விழுக்காட்டை மதிப்பிடுவார். அதுவரை பிசியோதெரபி உட்பட ஒரு மருத்துவச் சந்திப்பையும் தவறவிடக் கூடாது. மதிப்பீடு வந்ததும் காப்புறுதி நிறுவனம் தொகையைக் கணக்கிட்டு அறிவிப்பு அனுப்பும். அதில் உடன்பாடில்லையென்றால் 14 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். விழுக்காட்டைப் பற்றிய மறுப்பு மருத்துவக் குழுவின் பார்வைக்குப் போகும். விடுதி மாறியபோது முகவரியைச் சொல்லாமல் விட்டதால் அறிவிப்பு பழைய விடுதியிலேயே கிடந்து, 14 நாளும் கடந்துபோவது உண்டு. முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எது மாறினாலும் அமைச்சுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். யாரும் மறுக்காவிட்டால், அறிவிப்புக் கிடைத்த 21 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும்.

இந்த மாதங்களில் பெர்மிட் ரத்தானால் ஸ்பெஷல் பாஸ் எனப்படும் தற்காலிகத் தங்கும் அனுமதியில் இருக்க நேரலாம். பொதுவாக அதை வைத்து வேலை செய்ய முடியாது. ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு ஏறிக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது மிகக் கடினம்தான். ஆனால் அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் தண்டனையோடு திருப்பி அனுப்பப்படுவீர்கள். ஊர் திரும்பும்வரை தங்குமிடமும் உணவும் தர வேண்டிய கடமை பழைய முதலாளிக்கு இருக்கிறது, தரவில்லையென்றால் அமைச்சிடம் புகார் செய்யலாம். பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை. வலுக்கட்டாயமாக விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றால், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் “என் இழப்பீட்டுக் கேஸ் முடியவில்லை” என்று சொன்னால் போதும், அவர் அமைச்சுக்குத் தகவல் தெரிவிப்பார்.

நீங்களாகவே ஊருக்குப் போக விரும்பினால், முடிந்தவரை செயலிழப்பு மதிப்பீடு முடிந்த பிறகு புறப்படுங்கள். தமிழ்நாட்டில் எடுத்த ஸ்கேனையும் மருத்துவச் சீட்டையும் அனுப்பி சிங்கப்பூரிலிருந்து மதிப்பீடு வாங்குவது இழுபறியான வேலை. கிளம்புவதற்கு முன் மருத்துவமனைப் பதிவு எண், அமைச்சின் கேஸ் எண், காப்புறுதி நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் உள்ள இந்திய வங்கிக் கணக்கின் விவரத்தை எழுத்தாகக் கொடுங்கள். நண்பரின் கணக்கையோ நிறுவனத்தின் ஆள் காட்டும் கணக்கையோ கொடுக்க வேண்டாம்.